காற்றும் ஓட்டமும்

1985ஆம் ஆண்டு இலையுதிர்காலம். ஒல்லாந்தின் சிறு நகரம் ஒன்றில், சுவரில் ஒரு நாட்காட்டியைத் தவிர வேறெதுவும் இல்லாத அறையில் அமர்ந்திருந்தேன். எதிரே ஓர் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்; எனக்கு முன்னரே வந்து சேர்ந்துவிட்ட எங்களவர் ஒருவர். அன்று கேட்கப்பட்ட பல கேள்விகளை மறந்துவிட்டேன். ஒன்று மட்டும் தங்கிவிட்டது. "நீங்களாகப் புறப்பட்டு வந்தீர்களா, துரத்தப்பட்டு வந்தீர்களா?" மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில், "ரெண்டாவதைச் சொல்லுங்கோ தம்பி" என்றார். நான் இரண்டாவதைச் சொன்னேன். அது பொய்யும் அல்ல. 1984இல் எங்கள் ஒழுங்கையில் இருந்து இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்ட என் வகுப்புத் தோழன் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அந்த ஊரில் நான் முழுதாக உறங்கிய இரவுகள் குறைவு.

அதே கேள்வியை மறுபடியும் சந்தித்தபோது அது என்னிடம் கேட்கப்பட்டதாக இருக்கவில்லை. ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தைப் பற்றி வானியலாளர்கள் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியாக அது இருந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலை இடைநடுவில் விட்டுவிட்டு வந்தவன் நான். இங்கே வந்து மின்சாரத் திருத்த வேலை பழகி, ட்ரெந்தே மாகாணத்தில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். விட்டுவந்த படிப்பின் மீதான ஏக்கத்தில், மாதமொருமுறை கூடும் உள்ளூர் வானியல் ஆர்வலர் குழு ஒன்றுக்குப் போய் வரத் தொடங்கினேன். அங்கே ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஒருநாள் ஒரு பழைய கட்டுரையின் ஒளிப்பிரதியை என்னிடம் தந்தார். 1972இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. "இது நம் வீட்டுக்குப் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, தெரியுமா?" என்றார். அந்தக் கட்டுரையின் நாயகன் என்.ஜி.சி. 1265.

பேர்சியஸ் என்னும் மண்டலக் கொத்தில், ஆயிரக்கணக்கான மண்டலங்களோடு ஒன்றாக அது இருக்கிறது. சாதாரணத் தொலைநோக்கியில் பார்த்தால் மங்கிய நீள்வட்டத் திட்டு, விசேடமாக ஒன்றுமில்லை. வானொலி அலைகளில் பார்க்கும்போதுதான் அதன் கதை தெரிகிறது. அதன் நடுவே உள்ள பெருங்கருந்துளைக்கு அருகிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரண்டு தாரைகள் பீறிட்டுக் கிளம்புகின்றன. பிற வானொலி மண்டலங்கள் பலவற்றில் இத்தகைய தாரைகள் இரு கைகளையும் விரித்தாற்போல் நேராக நீண்டு செல்லும். இங்கேயோ இரண்டும் கிளம்பிய சிறிது தூரத்திலேயே ஒரே பக்கமாக வளைந்து, பின்னோக்கிச் சென்று, ஒன்றோடொன்று கலந்து நீண்ட வாலாகின்றன. ஓடுகிற சிறுமியின் இரட்டைப் பின்னல் பின்னால் பறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதுதான்.

ஆனால் ஒரு சிக்கல். நிழற்படத்தில் ஒரு சிறுமியின் பின்னல்கள் பின்னால் பறந்தால், அவள் ஓடுகிறாள் என்றுதான் பொருளா? அவள் அசையாமல் நிற்க, எதிர்க்காற்று வீசினாலும் படம் அப்படியேதான் இருக்கும்.

1968இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைலும் விண்ட்ரமும் இந்த வாலை முதலில் கண்டபோது, காற்று வீசுகிறது என்றுதான் எண்ணினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. அதே கொத்தில் ஐ.சி. 310 என்ற இன்னொரு மண்டலத்துக்கும் வால் இருப்பதை அவர்கள் கண்டார்கள். இரண்டு வால்களும் கொத்தின் நடுவே வீற்றிருக்கும் என்.ஜி.சி. 1275 என்ற பெரும் மண்டலத்துக்கு எதிர்ப்புறமாக நீண்டிருந்தன. என்.ஜி.சி. 1275 வானொலியில் மிகுந்த பிரகாசம் கொண்டது. பேர்சியஸ் ஏ என்ற பெயரே அதற்கு உண்டு. வால்வெள்ளிகளின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீள்வது போல, நடுவில் உள்ள வல்லமை மிக்க ஒன்றிலிருந்து புறப்படும் துகள்களின் பாய்ச்சலே மற்ற இரண்டையும் இப்படி ஊதித் தள்ளுகிறது என்பது அவர்களின் விளக்கம். நடுவே ஒரு பெரியவர். அவருடைய மூச்சில் வளைந்துபோன இரு சிறியவர்கள். மனித மனத்துக்கு மிக எளிதில் பிடிபடும் விளக்கம் இது.

நான்கு ஆண்டுகள் கழித்து, ஜோர்ஜ் மைலி, பெரோலா, வான் டெர் க்ராவ்ட், வான் டெர் லான் என்ற நால்வரும் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியின் அவதானங்களை வைத்துக்கொண்டு கதையைத் திருப்பிப்போட்டார்கள். யாரும் ஊதவில்லை, மண்டலம்தான் ஓடுகிறது. வால் என்பது அது கடந்துவந்த தடம்.

அவர்களுடைய விளக்கத்துக்கு வலுவூட்டியது ஓர் எண். பேர்சியஸ் கொத்து முழுவதும் சராசரியாக செக்கனுக்கு ஏறத்தாழ 5,400 கிலோமீற்றர் வேகத்தில் நம்மிடமிருந்து விலகிச் செல்கிறது. என்.ஜி.சி. 1265 விலகுவது 7,500 கிலோமீற்றருக்குச் சற்று மேலான வேகத்தில். அதாவது தன் சுற்றத்தாருக்கிடையே செக்கனுக்கு 2,000 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் அது பாய்ந்துகொண்டிருக்கிறது. கொத்தின் மண்டலங்களுக்கு இடைப்பட்ட வெளியும் வெறுமையானது அல்ல. அதே ஆண்டுகளில் உஹுரு என்ற துணைக்கோள் இந்தக் கொத்திலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதைப் பதிவு செய்தது. பல கோடி பாகை வெப்பமுள்ள வாயு அங்கே நிறைந்திருக்கிறது. நிறைந்திருக்கிறது என்று சொன்னாலும், என்.ஜி.சி. 1265 இருக்கும் இடத்தில் ஒரு லீற்றருக்கு ஒன்றிரண்டு துகள்கள் என்ற அளவில்தான். நம் ஆய்வுகூடங்களில் உருவாக்கும் வெற்றிடம் கூட இதைவிட நெருக்கமானது. ஆயினும் வாயுவின் உந்தல் அதன் அடர்த்தியோடு வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவது. வேகம் போதுமானதாக இருந்தால் இல்லாத காற்றும் முகத்தில் அறையும். விண்மீன்கள் அதை உணர்வதில்லை. இலேசான தாரைகள் உணர்ந்து வளைகின்றன.

அந்தக் கட்டுரையைப் படித்து முடித்த வாரத்தில்தான், 1997இல், அண்ணன் தொலைபேசியில் பேசினார்.

அண்ணன் 1983வரை கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர். யூலைக் கலவரத்தில் வாடகை அறையும் அதிலிருந்த எல்லாமும் எரிந்துபோக, அகதி முகாமில் இருந்து கப்பலில் ஏற்றப்பட்டு, ஒரு தோள்பையோடு காங்கேசன்துறையில் வந்திறங்கினார். பிறகு ஊரை விட்டு நகரவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது, அம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். 1997இல் அம்மாவின் கண் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு வந்திருந்தார். அம்மா பேசி முடித்ததும் அவர் வாங்கிப் பேசினார். நான் ஏதோ என் அகதி வாழ்வின் துன்பம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்திச் சொன்னார்: "உன்னை ஒருத்தரும் கலைக்கேல்லை. நீ ஓடினனி. கலைச்சது எங்களைத்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைத் திருத்துவது போலத்தான் சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது.

அதன் பின்னர் வந்த ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெஸ்டர்போர்க்குக்குப் போனேன். பொறியாளர் சொன்னது உண்மைதான்; என் வீட்டிலிருந்து இரண்டு மணிநேரச் சைக்கிள் ஓட்டம். மோட்டார் வண்டிகளின் மின்பொறிகள் தொலைநோக்கிக்கு இடைஞ்சல் என்பதால் அவற்றைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, காட்டுப் பாதையில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் போக வேண்டும். மரங்கள் விலகியதும் அவை தெரிந்தன. ஒவ்வொன்றும் 25 மீற்றர் விட்டமுள்ள பதினான்கு கிண்ணங்கள், கிழக்கு மேற்காக ஒரே நேர்கோட்டில், எல்லாமே வானத்தின் ஒரே புள்ளியை அண்ணாந்து பார்த்தபடி. 1970இல் பன்னிரண்டோடு தொடங்கி, பிறகு இரண்டைச் சேர்த்திருக்கிறார்கள். ஓசை ஏதுமில்லை. புல்வெளியில் காற்று மட்டும்.

அந்தப் புல்வெளி எது என்பதை அங்கே போய்த்தான் முழுமையாக உணர்ந்தேன். 1939இல், ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்காக ஒல்லாந்து அரசு அங்கே ஒரு முகாமைக் கட்டியது. 1942இல் நாஜிகள் அதைக் கைப்பற்றி, நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் யூதர்களைக் கொண்டுவந்து அடைத்து, புகைவண்டிகளில் ஏற்றிக் கிழக்கே அனுப்பும் இடமாக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து அனுப்பப்பட்டார்கள். திரும்பியவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். ஆன் ஃபிராங்க் அவ்வழியே சென்றவள். முகாம் மைதானத்தில், திரும்பாத ஒவ்வொருவருக்கும் ஒரு கல்லாக 1,02,000 கற்களை நட்டு வைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தின் ஒரு துண்டும் இருக்கிறது. அதன் முனைகள் வானத்தை நோக்கி வளைத்து முறுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குப் பின்னால், அடிவானம் நெடுக, அந்தக் கிண்ணங்கள்.

கற்களின் அருகே நெடுநேரம் நின்றிருந்தேன். 1939இல் அங்கே வந்தவர்கள் தாமாகப் புறப்பட்டவர்கள். காலத்தில் விழித்துக்கொண்டு எல்லை தாண்டியவர்கள். 1942இல் வந்தவர்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டு இழுத்துவரப்பட்டவர்கள். இரு சாராரும் ஒரே வண்டியில் ஏற்றப்பட்டார்கள். ஓடியவனுக்கும் கலைக்கப்பட்டவனுக்கும் இடையே அண்ணன் போட்ட கோட்டை அந்த மைதானத்தில் என்னால் போட முடியவில்லை. அதே நேரம், அந்தக் கற்களை என் பக்கத்துச் சாட்சியாக அழைக்கவும் கூசியது. நான் விமானத்தில் வந்தவன்.

என்.ஜி.சி. 1265இன் கதை 1972இல் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

வாலில் ஒளிர்வது எது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாரைகளில் ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது வானொலி அலைகளை உமிழ்கின்றன. உமிழ உமிழச் சக்தியை இழக்கின்றன. அதிக சக்தி உள்ளவை அதிக மீடிறனில் ஒளிர்ந்து விரைவில் தீர்ந்துபோகின்றன. குறைந்த சக்தி உள்ளவை தாழ்ந்த மீடிறனில் மங்கலாக, ஆனால் நெடுங்காலம் ஒளிர்கின்றன. ஆகவே உயர்ந்த மீடிறனில் நோக்கினால் தலைக்கு அருகிலுள்ள அண்மைக்காலம் மட்டும் தெரியும். 1986இல் ஓடேயும் ஓவனும் நியூ மெக்சிக்கோவின் வி.எல்.ஏ. தொலைநோக்கியைக் கொண்டு தந்த புகழ்பெற்ற படம் அப்படிப்பட்டது. மெல்லிய இரு தாரைகளும் குதிரை லாடம் போல வளையும் அழகு அதில் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் வாலின் பெரும்பகுதி அதில் இல்லை. மீடிறனைத் தாழ்த்தத் தாழ்த்தத்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் விட்டுச்சென்ற பகுதிகள் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

1998இல் சிய்ப்ரிங், டி ப்ரூய்ன் என்ற இருவர் அதே வெஸ்டர்போர்க்கில் நீண்ட அலைகளில் நோக்கிய முடிவுகளை வெளியிட்டார்கள். வால் முன்னர் நினைத்ததைவிட வெகுதூரம் போகிறது. போவது மட்டுமல்ல, நேராகப் போகாமல் பக்கவாட்டில் திரும்பி, சுற்றி வளைகிறது. வெறும் ஓட்டத்தின் தடம் என்றால் இத்தனை பெரிய வளைவு எப்படி வரும்? இவ்வளவு வேகத்தில் பாய்கிற ஒன்று அப்படி வட்டமடித்திருக்க முடியாது.

2011இல் கிறிஸ்டோஃப் ஃப்ரொமரும் தோமஸ் ஜோன்ஸும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். மண்டலக் கொத்தின் எல்லையில், வெளியிலிருந்து விழும் வாயு உள்ளே உள்ள வாயுவோடு மோதுவதால் ஓர் அதிர்ச்சி அலை நிற்கும். என்.ஜி.சி. 1265 வெளியிலிருந்து இந்தக் கொத்துக்குள் வந்து விழுந்தது. வரும்போதே முந்தைய காலத்தில் தான் உமிழ்ந்த பழைய வானொலிக் குமிழ் ஒன்றையும் உடன் வைத்திருந்தது. வாசலைக் கடக்கையில் அந்த அதிர்ச்சி பழைய குமிழை நசுக்கி, முறுக்கி, மறுபடி ஒளிரச் செய்தது. உள்ளே நுழைந்த பிறகு புதிதாகக் கிளம்பிய தாரைகளே நாம் காணும் பிரகாசமான வால். இதன்படி, தலைக்கு அருகில் உள்ளது ஓட்டத்தின் தடம். தொலைவில் மங்கித் தெரிவது புயலில் அகப்பட்ட பழைய மூட்டை. இது ஒரு முன்மொழிவுதான். ஆனால் காற்றையும் ஓட்டத்தையும் ஒரே வாலில் வாசிக்க அது கற்றுத்தருகிறது.

ஐ.சி. 310இன் கதையும் நேராகப் போகவில்லை. ஒற்றை வாலாகத் தெரிந்த அந்த மண்டலத்தின் நடுவிலிருந்து, 2012 நவம்பரில் ஓர் இரவு, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்குள் ஏறியிறங்கும் காமாக் கதிர்களை மாஜிக் தொலைநோக்கிகள் பதிவு செய்தன. அதன் தாரை நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பது தெரியவந்தது. 2021இல் வெளியான வி.எல்.ஏ. படங்களில் அந்த ஒற்றை வாலுக்குள்ளேயே இரண்டு மெல்லிய தாரைகள் பிரிந்து தெரிந்தன. நாம் பார்க்கும் கோணம்தான் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டியிருந்தது.

அண்ணன் 2017இல் காலமானார். இறுதிக்கிரியைக்குப் போயிருந்தேன். எட்டுச் செலவு முடிந்த மறுநாள், அண்ணி ஒரு பழைய தோள்பையைக் கொண்டுவந்து தந்தார். "இதை ஒருத்தரையும் தொட விடமாட்டார். உங்கட கடிதங்கள் கொஞ்சம் கிடக்கு, பாருங்கோ" என்றார். கப்பலில் வந்த அதே பை. உள்ளே அண்ணனின் தேசிய அடையாள அட்டை, அப்பாவின் ஒரு படம், கட்டாகக் கடிதங்கள். மேலே இருந்தவை ஒல்லாந்திலிருந்து நான் எழுதியவை. அடியில், மடிப்புகளில் கிழிந்துபோன ஒன்று, நீல மையில், என் கையெழுத்து. திகதி 1983 மே 11. யூலைக்கு இரண்டு மாதம் முந்தியது.

அப்படி ஒன்றை எழுதியது என் நினைவில் அறவே இல்லை. வெளிநாடு போக ஒரு முகவரைப் பார்த்துப் பேசும்படி அண்ணனைக் கேட்டிருந்தேன். படிப்பு பிடிக்கவில்லை, அப்பாவின் கடையில் நின்று கணக்கெழுத என்னால் ஏலாது, இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றெல்லாம் இரண்டு பக்கம். இராணுவம் பற்றி ஒரு வரியும் இல்லை. வகுப்புத் தோழன் அப்போது உயிரோடு இருந்தான். கடிதத்தில் அவனைப் பற்றி ஒரு பகிடியும் எழுதியிருந்தேன்.

அண்ணன் இந்தக் கடிதத்தை எரிந்துகொண்டிருந்த கொழும்பிலிருந்து காவிக்கொண்டு வந்திருக்கிறார். பதினான்கு ஆண்டுகள் கழித்து தொலைபேசியில் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது, அவர் கையில் ஆதாரம் இருந்தது. அதை ஒருபோதும் என்னிடம் காட்டவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. நான்தான் சொல்லவேண்டாம் என்று எழுதியிருந்தேனே.

முப்பத்திரண்டு ஆண்டுகளாக நான் சொல்லிவந்த கதை 1984இல் தொடங்குவது. அதிகாரியிடம் சொன்னது, மனைவியிடம் சொன்னது, கூட்டங்களில் சொன்னது எல்லாம் அதுவே. அதில் பொய் இல்லை. அந்த அச்சம் உண்மை. அவன் திரும்பி வராததும் உண்மை. 1984 நிகழ்ந்திராவிட்டால் அந்த மே மாதத்துக் கடிதம் ஒரு இளைஞனின் சலிப்பாகவே முடிந்து, நான் அப்பாவின் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் என் வாலில் நான் காட்டிவந்தது பிரகாசமான பகுதியை மட்டும். அதற்கும் பின்னால், வேறு திசையில் வளைந்து கிடந்த ஒன்றை அண்ணன் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் முழுவதையும் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். இரவில் சப்பாத்துச் சத்தம் கேட்டுச் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்ததை நான் அவருக்கு எழுதவே இல்லை. ஓடினவன் என்று மட்டும் அவர் என்னை வாசித்தார். கலைக்கப்பட்டவன் என்று மட்டும் நான் என்னை எழுதினேன்.

என்.ஜி.சி. 1265 நம் பார்வைக் கோட்டில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை ஒளியைப் பிரித்து நேரடியாக அளந்துவிடலாம். வானத்தின் குறுக்கே அது எப்படிப் போகிறது என்பதை மனித ஆயுள்களில் அளக்க முடியாது. வாலைப் பார்த்து ஊகிப்பதுதான் ஒரே வழி. வானியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஒவ்வொரு புதிய அலைநீளத்திலும், அந்த ஒரு வாலையே திரும்பத் திரும்ப வாசித்து வருகிறார்கள். முந்தைய வாசிப்பு தவறென்று தெரியும்போது அவர்கள் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை. ரைலின் காற்றை மறுத்தவர்கள் அவருடைய வரைபடத்தைத் தூக்கி எறியவில்லை. அதன்மேல்தான் தங்களுடையதை வரைந்தார்கள்.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு, 1985ஆம் ஆண்டு விசாரணையின் பிரதியை மேல்மாடிப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன். ஒல்லாந்து மொழியில் தட்டச்சுச் செய்யப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் எனக்காகத் தேர்ந்த இரண்டாவது விடை அதில் ஒரே சொல்லாக இருக்கிறது. 1983 மே மாதத்துக் கடிதத்தை ஒளித்தாள் உறையில் இட்டு, அதே கோப்பில் அதற்கு முன்னால் வைத்தேன். என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், மெதுவாக, எழுத்துக் கூட்டி. ஏன் வந்தீர்கள் என்று அவள் சிறுவயதில் பள்ளிக்கூட வேலைக்காகக் கேட்டபோது ஒரு பதிலைச் சொன்னேன். அடுத்த முறை அவள் வீட்டுக்கு வரும்போது கோப்பை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போவதாக இருக்கிறேன்.